குளத்துக்கு அடியில் ஓடும் பழைய சாக்கடைக் குழாயைக் கழுவிய கதை

மழைக்காலம் வந்தால் கடைத்தெரு மேன்ஹோலில் கழிவுநீர் பொங்கி ரோட்டில் ஓடுகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அப்படித்தான் இந்த வேலை ஆரம்பித்தது. தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர், நடுவில் பெரிய குளம். குளத்துக்கு மேற்கே கடைத்தெருவும் பழைய வீதிகளும், கிழக்கே கழிவுநீரேற்று நிலையம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பாதாளச் சாக்கடை போட்டவர்கள் கரையைச் சுற்றி வராமல், குளம் வற்றியிருந்த ஒரு கோடையில் நேராகக் குளத்துத் தரையைத் தோண்டி 12 அங்குல வார்ப்பிரும்புக் குழாயைப் புதைத்து மூடிவிட்டார்கள். நீளம் 140 மீட்டர். வாய்க்கால் தண்ணீரை ரோட்டுக்கு அடியில் கடத்த நம் பக்கம் சைஃபன் போடுவார்களே, அதே வேலைதான்: மேற்கே ஒரு தொட்டியில் இறங்கி, குளத்துக்கு அடியில் படுத்து, கிழக்கே ஒரு தொட்டியில் ஏறும். எப்போதும் நிரம்பியே இருக்கும். யாரும் பார்த்ததில்லை.

நான் சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கிற வேலை செய்பவன். அழுத்தமாகத் தண்ணீர் பீச்சிக் குழாயைக் கழுவும் ஜெட்டிங் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். கூட எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார், பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன். முப்பது வருஷம் மேன்ஹோலுக்குள் இறங்கி வேலை செய்தவர். வேறொரு ஊரில் அவரோடு சேர்ந்து இறங்கியவர் உயிரோடு ஏறி வரவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் இறங்குவதில்லை, மற்றவர்களையும் இறங்க விடுவதில்லை. எங்கள் வேலையில் முதல் விதி அதுதான், ஆள் உள்ளே போகக்கூடாது. 2013ஆம் வருஷச் சட்டம் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதைத் தடை செய்திருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரச் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் "அஞ்சு நிமிஷ வேலைதானே, ஒரு ஆளை இறக்கிடலாமே" என்று சொல்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இந்த ஊரிலும் ஒருவர் சொன்னார். அண்ணன் அவரைப் பார்த்து, "நீங்க மூடியத் திறந்து பத்தடி தள்ளி நில்லுங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

மூடியைத் திறந்து கேஸ் மீட்டரின் டியூபைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் நிறுத்திப் பார்த்தோம். மேற்குத் தொட்டியின் அடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற விஷவாயு 85 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 85 பங்கு. பத்திலேயே மீட்டர் கத்த ஆரம்பிக்கும். நூறைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், அழுகின முட்டை நாற்றம் திடீரென்று இல்லாமல் போகும், ஆள் "வாடை போயிருச்சு, இறங்கலாம்" என்று நினைப்பான். பல சாவுகள் அப்படித்தான் நடந்திருக்கின்றன. சைஃபனின் மேற்குத் தொட்டியில் இவ்வளவு வாயு நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. சாதாரணக் குழாயில் மேல் பாதி காலியாக இருக்கும், கழிவுநீரோடு சேர்ந்து காற்றும் நகர்ந்து போய்விடும். சைஃபன் நிரம்பிக் கிடப்பதால் தண்ணீர் போகும், காற்று போகாது. ஊர் முழுக்க இருந்து வந்த காற்று அந்தத் தொட்டியில் முட்டி நிற்கும். அதனால்தான் அந்த மேன்ஹோலுக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் எப்போதும் சாத்தியே இருந்தது. தொட்டியின் சுவரும் அதற்குச் சாட்சி. வாயு ஈரச் சுவரில் பட்டு, அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்கி, சிமெண்டைத் தின்று, ஜல்லி பல் பல்லாகத் துருத்திக்கொண்டு நின்றது. கம்பியால் லேசாகச் சுரண்டினால் புட்டு மாதிரி உதிர்ந்தது.

இது நடந்தது கார்த்திகையில். குளம் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் குழாயை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மேலே குளத்துத் தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும்போது குழாயைக் காலி செய்தால், மூட்டு இளகியிருக்கும் இடத்தில் தண்ணீரோடு மண்ணும் உள்ளே பாயும். ஒரே ராத்திரியில் குழாயைச் சுற்றிப் பொந்து விழுந்து மொத்தமும் உட்கார்ந்துவிடும். சரி, காத்திருக்கலாம், ஆனால் காத்திருக்கிற நேரத்தில் ஒன்றை அளந்துவிடலாம் என்று தோன்றியது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராத்திரி மூன்று மணிக்கு ஊர் தூங்கும். அப்போது குழாயில் ஓடுவது மிகக் குறைவு. அந்த நேரத்தில் மேற்குத் தொட்டிக்குள் எவ்வளவு வருகிறது, கிழக்குத் தொட்டியிலிருந்து எவ்வளவு போகிறது என்று தனித்தனியாக அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குளத்துக்கு அடியில் நடப்பது. கிழக்கே அதிகமாக வந்தால் குளம் குழாய்க்குள் கசிகிறது. குறைவாக வந்தால் குழாய் குளத்துக்குள் கசிகிறது. குழாயைத் தொடாமலே, கேமரா இல்லாமலே இது தெரிந்துவிடும்.

அளக்க வி வடிவத்தில் வெட்டிய தகடு போதும். சரியாக 90 டிகிரியில் வெட்டினால் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் வழிகிறது என்பதை வைத்து அளவைக் கணக்குப் போடலாம். 5 செ.மீ. உயரம் என்றால் வினாடிக்கு 0.77 லிட்டர். 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல், அதனால் அரை செ.மீ. தப்பாகப் படித்தாலும் கணக்கு கெட்டுவிடும். இதைப் பொருத்த ஆள் இறங்கக்கூடாதே, அங்கேதான் யோசனை தேவைப்பட்டது. ஆசாரியிடம் சொல்லி, தொட்டியின் அடியில் இருக்கும் அரைவட்டக் கால்வாய்க்கு ஏற்ற மாதிரி பலகையை வெட்டி, நடுவில் மூன்று மில்லி அலுமினியத் தகடு பதித்தோம். பலகையின் விளிம்பைச் சுற்றி சைக்கிள் டியூபை ஆணியடித்துக் கட்டினார் அண்ணன். ஆணி டியூபில் படாமல் வார் வைத்து அடிக்க வேண்டும், முதல் டியூப் அப்படித்தான் போச்சு. இரண்டு நீளக் கம்புகளில் பலகையைக் கட்டி மேலிருந்து இறக்கி, கால்வாயில் உட்கார்ந்ததும் நீள ஹோஸ் வழியாகச் சைக்கிள் பம்பில் காற்றடித்தால் டியூப் உப்பி ஓரமெல்லாம் அடைத்துக்கொள்ளும். அற்புதமாக வேலை செய்தது. வீட்டு வாசலில் செங்கல் கால்வாய் கட்டி, தண்ணீர் விட்டு, 5 செ.மீ. நிற்கும்போது 20 லிட்டர் கேன் 26 வினாடியில் நிரம்புகிறதா என்று முன்னாடியே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கொண்டுபோனோம். ஒரு விஷயம், ஸ்கேலைத் தகட்டிலேயே ஒட்டக்கூடாது. வி கிட்டே தண்ணீர் சரிந்து இறங்கும், அளவு குறைவாகக் காட்டும். இரண்டடி பின்னால் தள்ளித் தனிக் கம்பில் ஸ்கேல் கட்டி, வியின் அடிமுனை மட்டத்தைப் பூஜ்யமாக வைக்க வேண்டும். படிப்பதற்கு டார்ச்சும் போன் கேமராவும் கட்டிய ஒரு கழி.

கார்த்திகை ராத்திரியில் மேற்கே 5 செ.மீ., கிழக்கே 7 செ.மீ. அதாவது உள்ளே போவது 0.77 லிட்டர், வெளியே வருவது 1.8 லிட்டர். வினாடிக்கு ஒரு லிட்டர் குளத்துத் தண்ணீர் குழாய்க்குள் புகுந்துகொண்டிருந்தது. கேட்க ஒன்றும் இல்லை மாதிரித்தான் இருக்கும். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 86,000 லிட்டர். அவ்வளவு நல்ல தண்ணீரைக் கழிவுநீரோடு கலந்து, கரண்டு செலவழித்து மேலே ஏற்றி, சுத்திகரிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்று ராத்திரி தொடர்ந்து அளந்தோம், ஒரே கணக்குதான்.

அப்புறம் தை, மாசி போச்சு. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28இல் மூடுவார்கள், வாய்க்காலில் வரத்து நின்றதும் குளம் மெல்ல இறங்கத் தொடங்கும். பங்குனியில் குத்தகைக்காரர் மீன் பிடித்து முடித்தார், சித்திரையில் நடுவில் ஒரு சின்னக் குட்டை தவிர மொத்தமும் வெடிப்பு விட்டுக் கிடந்தது. அந்த வாரமே மறுபடி தகடு வைத்தோம். மேற்கே அதே 5 செ.மீ., கிழக்கே 4 செ.மீ.தான். 0.77 போய் 0.44 வருகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழியிலேயே காணாமல் போகிறது. நாளைக்கு 28,000 லிட்டர் சாக்கடைத் தண்ணீர் குளத்து மண்ணுக்குள். மழைக்காலத்தில் குளம் அழுத்தும்போது உள்ளே வந்த தண்ணீர், கோடையில் அழுத்தம் இல்லாததால் அதே ஓட்டை வழியாக வெளியே போகிறது. ஒரே ஓட்டை, இரண்டு திசை.

வடகரையில் ஒரு டீக்கடை அக்கா, கடைக்குப் பின்னால் அடிபம்பு வைத்திருக்கிறார். அந்தத் தண்ணீரில்தான் தம்ளர் கழுவுகிறார், கோடையில் குழாய்த் தண்ணீர் வராத நாளில் டீயும் அதில்தான். எச்டூஎஸ் குப்பி என்று ஒன்று விற்கும், உள்ளே மருந்து தடவிய காகிதம் இருக்கும், தண்ணீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் மலக்கிருமி கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். நாங்கள் வைத்த குப்பி மறுநாள் காலையிலேயே மை மாதிரி கறுத்திருந்தது. அக்கா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பங்குனி சித்திரையில புள்ளைக்கு வயித்தால போறது வெயிலாலன்னு நெனச்சேன் தம்பி" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கே அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றி வைத்தோம், குடிக்கிற தண்ணீருக்கு லாரி ஏற்பாடு செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தோம், அது நடந்தது.

ஓட்டை எங்கே என்று தேடக் கேமராவுக்கு முன்னாலேயே குளம் காட்டிக் கொடுத்தது. எல்லா இடமும் வெடித்துக் காய்ந்து கிடக்க, நடுவிலிருந்து கிழக்கே கொஞ்சம் தள்ளி ஒரு பாய் அகலத்துக்குக் கோரை பச்சைப்பசேல் என்று நின்றது. மாடுகள் அதை மட்டும் மேயவில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்து, "இங்கதான் தம்பி, சூடா இருக்கு" என்றார். எனக்குச் சூடு தெரியவில்லை, ஆனால் அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வைத்தேன்.

இனி குழாயைக் காலி செய்ய வேண்டும். ஊர்க் கழிவுநீர் நிற்காதே, அதை வேறு வழியில் கடத்த வேண்டும். மேற்குத் தொட்டிக்கு முந்தின மேன்ஹோலில் காற்றடிக்கும் ரப்பர் பிளக்கை மேலிருந்தே இறக்கி அடைத்து, அங்கே டீசல் பம்பு வைத்து, வறண்ட குளத்தின் மேலேயே 4 அங்குல ஹோஸ் போட்டுக் கிழக்கே கொண்டுபோனோம். காலை ஏழு மணி வாக்கில் ஊர் குளிக்கும், துவைக்கும் நேரத்தில் வினாடிக்கு 18 லிட்டர் வரை வந்தது. அதற்குத் தகுந்த பம்பு ஒன்று, கெட்டுப் போனால் மாற்ற இன்னொன்று. ஹோஸ் மூட்டுக்கு ஒரு பையனைக் காவல் வைத்தோம், சொட்டினால் கூட விசில் அடிக்க வேண்டும், கீழே இருப்பது குளம்.

அந்த 18 லிட்டரைக் குறித்துக்கொண்டபோதுதான் அடைப்புக்கு உண்மையான காரணம் புரிந்தது. சாதாரணச் சாக்கடைக் குழாயில் தண்ணீர் வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மணல் தங்காமல் அடித்துக்கொண்டு போகும். சைஃபன் பள்ளத்தில் கிடப்பதால் ஒரு மீட்டராவது வேண்டும். 12 அங்குலக் குழாயில் 18 லிட்டர் விட்டால் வேகம் கால் மீட்டர்தான். அதுவும் காலையில் மட்டும். ராத்திரியில் வினாடிக்கு ஒரு செ.மீ., அதாவது தேங்கி நிற்கிற மாதிரிதான். ஊர் பெரிதாகும் என்று நினைத்துப் பெரிய குழாயாகப் போட்டார்கள், நல்லெண்ணம்தான், ஆனால் ஊர் அவ்வளவு பெரிதாகவில்லை, போட்ட நாளிலிருந்தே மணல் தங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டு மூன்று சின்னக் குழாய்களாகப் போட்டு, தண்ணீர் ஏற ஏற ஒவ்வொன்றாகத் திறக்கிற மாதிரி அமைத்திருந்தால் இந்தத் தொல்லையே இருந்திருக்காது.

ஜெட்டிங்கைக் கிழக்கிலிருந்து ஆரம்பித்தோம். ஹோஸ் முனையில் இருக்கும் நாசிலின் பின்பக்கத் துளைகளிலிருந்து தண்ணீர் பீச்சும், அந்த உதைப்பில் நாசில் முன்னால் போகும், திரும்ப இழுக்கும்போது அதே பீச்சல் மணலை வாரிக்கொண்டு வரும். வண்டி டிரைவர் வழக்கம்போல அழுத்தத்தை 150 கிலோவில் வைக்கப் போனார். வேண்டாம், பழைய இரும்பு, 80க்கு மேல் போகாதீர்கள் என்று கெஞ்சி நிறுத்தினேன். நேரம் மூன்று மடங்கு ஆனது, அவருக்குக் கோபம், ஆனால் பிறகு தோண்டிப் பார்த்தபோது அவரே தலையில் கை வைத்துக்கொண்டார். பத்துப் பத்து மீட்டராக உள்ளே விட்டு, ஒரு ஆள் நடக்கிறதை விட மெதுவாக இழுத்தோம். முதலில் கறுப்புத் தண்ணீர். அப்புறம் ஆற்று மணல், சாம்பல், செங்கல் தூள். ஒரு காலத்தில் பாத்திரம் தேய்த்ததெல்லாம் அதில்தானே. அதற்குப் பிறகு ஓட்டல் எண்ணெய் உறைந்து மெழுகாகிப் போன கட்டிகள், தேங்காய் நார் சுற்றி, உள்ளே பிளாஸ்டிக் பை, பழைய புடவைத் துண்டு, ஒரு எவர்சில்வர் ஸ்பூன். ஹோஸ் 120 மீட்டர்தான், மிச்சத்தை மேற்கிலிருந்து எடுத்தோம். மூன்று நாள். சூப்பர் சக்கர் வண்டி உறிஞ்சியதை உலர்த்திப் பார்த்தால் நூறு கன அடி டிரெய்லர் ஒன்று நிறைய, மேலே கால் பங்கு. குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணல்தான் இருந்திருக்கிறது.

கழுவின பிறகு கேமரா. உள்ளே மிச்சம் நின்ற தண்ணீரைச் சின்ன பம்பில் இறைத்துவிட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் தள்ளினோம். கேமரா தலையில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது, மேலே குளத்துத் தரையில் ரிசீவரோடு நடந்தால் கேமரா எங்கே நிற்கிறது என்று காட்டும். இரும்புக் குழாய்க்கு 512 ஹெர்ட்ஸ்தான் சரிப்படும், உயர்ந்த அலைவரிசை இரும்பிலேயே அடங்கிவிடும். நான் திரையைப் பார்க்க, அண்ணன் ரிசீவரோடு வெயிலில் குளத்துக்குள் நடந்தார். வரைபடத்தில் குழாய் நேர்கோடு. நிஜத்தில் நடுவில் தெற்கே ஒரு மீட்டருக்கு மேல் வளைந்து போகிறது. "போடும்போது நடுவுல பாறை மாதிரி கெட்டித் தரை வந்துச்சாம், எங்கப்பா சொல்லுவாரு" என்றார் அண்ணன். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே என்றேன். "நீ வரைபடத்தயே பாத்துக்கிட்டு இருந்த" என்றார். நியாயம்.

உள்ளே பெரும்பாலான இடம் நான் பயந்ததைவிட நன்றாக இருந்தது. எப்போதும் நிரம்பிக் கிடந்ததால் மேற்கூரையில் காற்றே படவில்லை, அதனால் அமிலமும் படவில்லை. தொட்டிச் சுவர் புட்டாக உதிர்கிற அதே ஊரில் குழாயின் மேல்பக்கம் கறுப்பாக, முழுசாக இருந்தது. துரு மட்டும் பல இடத்தில் முண்டு முண்டாக. மேற்கிலிருந்து 61ஆவது மீட்டரில் ஒரு மூட்டில் தண்ணீர் முத்து முத்தாகச் சொட்டியது. 84இல் கேமரா நின்றது. மூட்டின் கீழ்ப்பாதியில் கை விரல் அகல இடைவெளி, அதன் வழியே களிமண் நாக்கு மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் ரிசீவரை நிறுத்திய இடத்துக்கும் என் குச்சிக்கும் இடையே ஒன்றரை அடி.

தோண்டினோம். மேலே ஒரு அடி வண்டல், அதன் கீழே இறுகிய களி, நாலடிக்குப் பிறகு திடீரென்று கறுப்புச் சேறு. திறந்த குழிதான், இருந்தாலும் ஒவ்வொரு அடிக்கும் மீட்டரை இறக்கிப் பார்த்தோம், பக்கச் சுவரைச் சாய்வாகவே வெட்டினோம், வாயு இல்லை என்று தெரிந்த பிறகுதான் குழியில் கால் வைத்தோம். குழாய்க்கு அடியில் கையை விட்டால் தோள் வரை போனது. அவ்வளவு பெரிய பொந்து. மழைக்காலம் தோறும் தண்ணீரோடு மண்ணும் உள்ளே போய்ப் போய் உண்டானது. இன்னும் இரண்டு மழை தாங்கியிருக்காது என்று நினைக்கிறேன்.

மூட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஒரு குழாயின் வாயில் அடுத்ததைச் செருகி, இடைவெளியில் சணலை முறுக்கித் திணித்து, களிமண்ணால் வளையம் கட்டி, உருக்கிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் உளியால் சுற்றி அடித்து இறுக்குவார்கள். மேல்பாதியில் அந்த உளித்தடம் வரிசையாக அப்படியே தெரிந்தது, ஒவ்வொன்றும் ஒரு நெல் நீளத்தில். யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து நிதானமாக அடித்திருக்கிறார். கீழ்ப்பாதியில் குழாய் இறங்கியதால் ஈயம் பிதுங்கி வெளியே தொங்கியது, சணல் கறுத்துக் கூழாகியிருந்தது. பக்கத்தில் இரும்பைப் பேனாக்கத்தியால் கீறினேன். கத்தி இறங்கியது. இரும்புச்சத்து கரைந்து போய், கரி மட்டும் எலும்புக்கூடு மாதிரி மிஞ்சிய இரும்பு அப்படித்தான் இருக்கும், பார்க்க முழுசு, தொட்டால் மிருது. சீவின துண்டை என் குறிப்பு நோட்டில் தேய்த்தேன், பென்சில் மாதிரியே எழுதியது. அந்தக் கோடு இன்னும் நோட்டில் இருக்கிறது. 150 கிலோவில் ஜெட் அடித்திருந்தால் அந்த இடத்தில் குழாயே இருந்திருக்காது.

கெட்டியான இரும்பு கிடைக்கும் வரை இரண்டு பக்கமும் சுரண்டினோம். நல்ல வேளையாக ஒரு முழத்துக்குள் கிடைத்தது. பிதுங்கின ஈயத்தை வெட்டி எடுத்துவிட்டு, ரப்பர் உறை வைத்த எவர்சில்வர் கிளாம்பை மூட்டுக்கு மேலே போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ஒரே பக்கம் முறுக்கினால் இந்த இரும்பு வெடித்துவிடும். பொந்தை மண்ணால் நிரப்பக்கூடாது, மறுபடி கரையும். மெலிந்த சிமெண்ட் கான்கிரீட்டைத் தண்ணீராகக் கலக்கி ஊற்றிக் குழாயின் இடுப்பு வரை தாங்கல் கொடுத்து, மேலே அதே களியை அரை அடி அரை அடியாகப் போட்டு மிதித்து மூடினோம். 61ஆவது மீட்டரையும் தோண்ட வேண்டும் என்று சொன்னேன். அங்கே கெட்டித் தரை, இயந்திரம் வேண்டும், நேரம் இல்லை. வைகாசி முடிகிறது, மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12, கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்குள் ஹோஸ், பம்பு எல்லாவற்றையும் குளத்தைவிட்டு வெளியே எடுக்க வேண்டும். அதை விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முழுத் தீர்வு என்ன என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய இரும்புக்குள்ளேயே 6 அங்குல எச்டிபிஇ என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் குழாயை ஒரே நீளமாக ஒட்டி இழுத்துவிட வேண்டும், இடைவெளியைச் சிமெண்ட் பாலால் நிரப்ப வேண்டும். மூட்டே இருக்காது, கசிவும் இருக்காது. அதே 18 லிட்டர் அந்தக் குழாயில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும், காலைதோறும் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். குறுகினால் தண்ணீர் தேங்குமே என்று அதிகாரி ஒருவர் கேட்டார், கேட்க வேண்டிய கேள்விதான். உராய்வில் ஏறக்குறைய 90 செ.மீ. மட்டம் போகும், இரண்டு தொட்டிகளுக்கும் இடையே ஒன்றேகால் மீட்டர் வித்தியாசம் இருக்கிறது, போதும். நடுவில் இருக்கும் வளைவு மெதுவான வளைவுதான், கேமரா தடையில்லாமல் போனது, குழாயும் போகும். ஆனால் மழைத்தண்ணீரைக் கடைத்தெரு மேன்ஹோல்களில் திருப்பி விடுகிற கூரைக் குழாய்களை முதலில் வெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் எந்தக் குழாய் போட்டாலும் ஐப்பசியில் பொங்கும். அடுத்த கோடைக்கு என்று சொல்லியிருக்கிறார்கள்.

குளம் மறுபடி நிறைந்த பிறகு, கார்த்திகையில், தகட்டை எடுத்துக்கொண்டு போனோம். அதே மூன்று மணி, தூறல். அண்ணன் குடையைத் தனக்குப் பிடிக்காமல் ஸ்கேலுக்குப் பிடித்தார். மேற்கே 5 செ.மீ. கிழக்கே 5.2. நான் இன்னொரு முறை படிக்கச் சொன்னேன், 5.2தான். ஒரு வருஷத்துக்கு முன்னால் 86,000 லிட்டராக இருந்தது 7,000 லிட்டராகக் குறைந்திருக்கிறது, அந்த ஏழாயிரமும் 61ஆவது மீட்டர் மூட்டுதான் என்பது என் கணிப்பு. டீக்கடைக்குப் பின்னால் இருக்கும் அடிபம்புக்குக் கைப்பிடி இன்னும் போடவில்லை. மாதம் ஒரு குப்பி வைக்கிறோம், போன இரண்டு குப்பியும் கறுக்கவில்லை, ஆனால் குளம் நிறைந்திருக்கும்போது கறுக்காதது பெரிய விஷயமில்லை, சித்திரையில் குளம் வற்றின பிறகு மூன்று குப்பி தொடர்ந்து தெளிவாக இருந்தால்தான் போடலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கைப்பிடி அவருடைய கடையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.